கடையில் விற்பது என்ன சரக்கு? பொலித்தீன், பிளாஸ்டிக், இறப்பர் வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

புறக்கோட்டையிலோ, அக்குறணையிலோ, காத்தான்குடியிலோ நமது சகோதரர்களின் கடைத்தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். ஒரு கடையில் வாளியும் பேசினும் கதிரையும். அடுத்த கடையில் சொப்பிங் பேக்கும் பொலித்தீன் ரோலும். அதற்கடுத்து பி.வி.சி. பைப், தண்ணீர்த் தாங்கி. பின்னர் செருப்பு, டயர், மோட்டார் உதிரிப்பாகம். புடைவைக் கடைக்குள் நுழைந்தால் பொலியெஸ்டரும் நைலோனும். இந்தக் கடைகள் எல்லாம் வெவ்வேறு வியாபாரம் செய்வது போலத் தோன்றினாலும், இரசாயனவியலாளர் ஒருவரின் கண்ணுக்கு இவை அனைத்தும் ஒரே குடும்பத்துச் சரக்குகள்தான். அந்தக் குடும்பத்தின் பெயர் பொலிமர். நமது பாடசாலைப் புத்தகங்கள் இதனைப் பல்பகுதியம் என்று அழைக்கின்றன.

துணி வியாபாரிக்குப் பருத்தியின் தரம் தெரியும். மாணிக்க வியாபாரிக்குக் கல்லின் தரம் தெரியும். அரிசி வியாபாரி கையில் ஒரு பிடி எடுத்ததும் பழைய நெல்லா புதிய நெல்லா என்று சொல்லிவிடுவார். ஆனால் பிளாஸ்டிக் விற்கும் நம்மில் பலர் "நல்ல சரக்கு", "கனமான சரக்கு", "ஒரிஜினல்" என்ற மூன்று வார்த்தைகளைக் கொண்டே காலம் தள்ளுகிறோம். மொத்த வியாபாரி சொன்னதை நாம் நம்புகிறோம். நாம் சொன்னதை வாடிக்கையாளர் நம்புகிறார். இடையில் பொய் ஒன்று நுழைந்தால் அதைக் கண்டுபிடிக்க நம்மிடம் வழியில்லை. சட்டமும் இப்போது இறுகி வருகிறது. எனவே இந்த வாரம் கணக்கு, வங்கி, வரி போன்ற விடயங்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, நாம் விற்கும் சரக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

மெழுகுவர்த்தியும் பொலித்தீனும்

பொலிமர் என்பது ஒரு நீண்ட சங்கிலி. ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டு உருவாவது. தஸ்பீஹ் மணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி என்பது ஒருபகுதியம். கோர்த்த மாலை பல்பகுதியம். ஆனால் தஸ்பீஹில் 33 அல்லது 99 மணிகள்தான். பொலித்தீன் சங்கிலி ஒன்றிலோ ஆயிரக்கணக்கான காபன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன.

சங்கிலி நீளமாக இருந்தால் என்ன இலாபம்? இதற்கு நமது வீட்டிலேயே சான்று உண்டு. சாதாரண மெழுகுவர்த்தி செய்யப்படும் பரபின் மெழுகும் பொலித்தீனும் ஏறத்தாழ ஒரே பொருள். இரண்டும் காபனும் ஐதரசனும் சேர்ந்தவை. இரண்டிலும் அணுக்கள் இணைந்திருக்கும் முறையும் ஒன்றே. வேறுபாடு நீளத்தில்தான். மெழுகின் சங்கிலியில் 20 முதல் 40 வரையான காபன் அணுக்களே இருக்கும். அதனால் மெழுகை வளைத்தால் படாரென்று முறிகிறது. பொலித்தீனை இழுத்தால் நீள்கிறது, இலேசில் அறுவதில்லை. இடியப்பத் தட்டைப் பாருங்கள். நீண்ட இழைகள் ஒன்றையொன்று பின்னிக் கிடப்பதால் முழு இடியப்பத்தையும் ஒரே துண்டாகத் தூக்கலாம். அதே மாவைச் சிறு துணுக்குகளாக நறுக்கிப் போட்டால் தூக்க முடியாது. பொலித்தீனின் பலமும் இப்படியான பின்னலிலிருந்து வருவதுதான்.

இந்த ஓர் உண்மையை மனதில் வைத்துக்கொண்டால், பின்னர் சொல்லப்போகும் பல விடயங்கள் இலகுவில் விளங்கும். சங்கிலி நீளமாக இருக்கும் வரை சரக்குப் பலமாக இருக்கும். வெயிலோ, சூடோ, திரும்பத் திரும்ப உருக்குவதோ சங்கிலியை அறுத்தால் சரக்குப் பலவீனமாகும்.

யாரும் நம்பாத ஓர் உண்மை

இன்று பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விடயத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பெரிய விஞ்ஞானிகளே ஏற்க மறுத்தார்கள். இறப்பர், பஞ்சு, பட்டு போன்றவை சிறு மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருப்பவை என்றே அவர்கள் கருதினார்கள். 1920 ஆம் ஆண்டு ஜேர்மன் இரசாயனவியலாளர் ஹேர்மன் ஸ்டோடிங்கர், "இல்லை, இவை உண்மையாகவே நீண்ட சங்கிலிகள்" என்ற கருத்தை வெளியிட்டார். மாமூலக்கூறு என்ற பெயரையும் அவரே 1922 இல் வழக்கிற்குக் கொண்டுவந்தார். பல ஆண்டுகள் எதிர்ப்பைச் சந்தித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆதாரங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். 1953 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 72.

அவர் விதைத்த அறிவிலிருந்தே இன்றைய பெரும் கைத்தொழில் முளைத்தது. பொலித்தீன் 1933 இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், எத்திலீன் வாயுவைப் பேரழுத்தத்தில் வைத்துச் செய்த வேறொரு பரிசோதனையின்போது எதிர்பாராமல் கிடைத்தது. நைலோன் 1935 இல் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனத்தில் வலஸ் கரோதர்ஸ் என்பவரின் ஆய்வுக்குழுவால் உருவாக்கப்பட்டது. 1953 இல் ஜேர்மனியின் கார்ல் சீக்லர் பேரழுத்தமின்றியே பொலித்தீன் செய்யும் வழியைக் கண்டார். அடுத்த ஆண்டு இத்தாலியின் ஜூலியோ நட்டா அதே வழியில் பொலிப்ரொப்பிலீன் செய்தார். இருவரும் 1963 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இன்று நமது கடைகளில் அடுக்கியிருக்கும் வாளியும் கதிரையும் இந்த இருவரின் கண்டுபிடிப்பின் பிள்ளைகள் என்றால் மிகையாகாது.

நமது மண்ணில் வளரும் பொலிமர்

பொலிமர் என்றதும் அதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கத் தேவையில்லை. இறப்பர் மரம் தானாகவே செய்யும் பொலிமர்தான் இறப்பர். பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, 1876 இல் இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில் அவை நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்ச் செய்கைக்கு அதுவே தொடக்கம். 1952 இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர் அரிசி ஒப்பந்தம் நாட்டின் பஞ்ச காலத்தில் மக்களின் வயிற்றை நிரப்பியது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சங்கிலி நாளாந்த உணவு.

மரத்திலிருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்களவே இறப்பர். மிகுதியில் பெரும்பகுதி தண்ணீர். போமிக் அமிலம் சேர்த்தால் இறப்பர்த் துணிக்கைகள் திரண்டு கட்டியாகின்றன. ஆனால் அந்தப் பச்சை இறப்பர் சூட்டில் பிசுபிசுத்துக் குளிரில் விறைத்துப்போகும். 1839 இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று கண்டார். கந்தகம் என்ன செய்கிறது? பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கிடையே சிறு பாலங்கள் போடுகிறது. இழுத்தால் சங்கிலி நீளும். விட்டால் அந்தப் பாலங்கள் பழைய இடத்துக்கு இழுத்து வந்துவிடும். கந்தகம் குறைவாக இருந்தால் மென்மையான இறப்பர். மிக அதிகமாகப் போட்டால் கொம்பு போன்ற கடினமான எபனைட். தன் கண்டுபிடிப்பால் உலகையே ஓட வைத்த குட்இயர் 1860 இல் கடன்காரராகவே இறந்துபோனார் என்பது வியாபாரிகள் சிந்திக்க வேண்டிய இன்னொரு கதை.

உருகுபவையும் உருகாதவையும்

பிளாஸ்டிக் சரக்குகள் அனைத்தையும் இரண்டு வகுப்பாகப் பிரிக்கலாம். முதலாவது வகுப்பு மெழுகு போன்றது. சூடாக்கினால் உருகும். ஆறினால் இறுகும். மீண்டும் சூடாக்கினால் மீண்டும் உருகும். பொலித்தீன், பொலிப்ரொப்பிலீன், பி.வி.சி., தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் ஆகியன இவ்வகை. இவற்றின் சங்கிலிகள் தனித்தனியாக இருப்பதால் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்.

இரண்டாவது வகுப்பு முட்டை போன்றது. ஒருமுறை அவித்த முட்டையை மீண்டும் திரவமாக்க முடியாது. மெலமைன் கோப்பை, மின் உபகரணங்களில் வரும் பேக்கலைட், கந்தகமிட்ட இறப்பர் ஆகியன இவ்வகை. சங்கிலிகளுக்கிடையே நிரந்தரப் பாலங்கள் போடப்பட்டுவிட்டதால் இவை உருகுவதில்லை, கருகிவிடும்.

பழைய பிளாஸ்டிக் சேகரிக்கும் சகோதரர்கள் முதலில் அறிய வேண்டியது இதைத்தான். முதல் வகுப்பை உருக்கி விற்கலாம். இரண்டாம் வகுப்பை உருக்க முடியாது. முதல் வகுப்பிலும் வகைகளைக் கலந்துவிட்டால் பெறுமதி போய்விடும். ஏனெனில் எண்ணெயும் தண்ணீரும் போல, ஒரு பொலிமரின் சங்கிலி பெரும்பாலும் மற்றப் பொலிமரின் சங்கிலியோடு கலப்பதில்லை. உருக்கி வார்த்தாலும் உள்ளே படைபடையாகப் பிரிந்து நிற்கும், தட்டினால் உடையும். பெட் போத்தலுக்குள் சிறிதளவு பி.வி.சி. கலந்தாலே முழுச் சரக்கும் நிறம் மாறிப் பாழாகிவிடும். எனவே தரம் பிரிப்பதில் செலவிடும் நேரம் விரயமல்ல, அதுதான் இந்தத் தொழிலின் இலாபம்.

முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கம்

பிளாஸ்டிக் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் இலக்கமும் இருக்கும். 1988 இல் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. 1 என்றால் பெட். 2 அடர்த்தி கூடிய பொலித்தீன். 3 பி.வி.சி. 4 அடர்த்தி குறைந்த பொலித்தீன். 5 பொலிப்ரொப்பிலீன். 6 பொலிஸ்டைரீன், நமது பேச்சில் ரெஜிபோம் என்பதும் இதுவே. 7 என்றால் மற்றவை எல்லாம்.

இந்த இலக்கத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. இலக்கம் இருந்தால் உணவுக்கு உகந்தது, தரமானது என்று விற்பனையாளர் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். உண்மையில் அந்த இலக்கம் சரக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. உணவுக்கு உகந்தது என்பதற்கு கிளாஸும் முள்ளுக்கரண்டியும் சேர்ந்த வேறோர் அடையாளம் சர்வதேச ரீதியில் பயன்படுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சூடு விடயத்திலும் கவனம் தேவை. பெட் போத்தல் ஏறத்தாழ 70 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இளகத் தொடங்கும். கொதிநீர் ஊற்றினால் சுருங்கிக் கோணிப்போவது இதனால்தான். பொலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 160 பாகையிலேயே உருகும். ஆகவே சூடான கறி எடுத்துச் செல்லும் பெட்டிக்கு 5 ஆம் இலக்கமே பொருத்தம். சாதாரண பி.வி.சி. பைப்பை சுடுநீருக்குக் கொடுக்கக் கூடாது. அதற்கு சி.பி.வி.சி. என்ற வேறு வகை இருக்கிறது. ஹாட்வெயார் கடையில் இதைச் சொல்லாமல் விற்றால், சில மாதங்களில் வாடிக்கையாளரின் சுவருக்குள் பைப் தொய்ந்து கசியும்.

கொப்பும் ஈர்க்கும்

2 ஆம் இலக்கமும் 4 ஆம் இலக்கமும் இரண்டுமே பொலித்தீன். பின் ஏன் வேறுபாடு? விறகுக்காக வெட்டிய கிளைகளுள்ள கொப்புகளைக் கட்டினால் இடைவெளி நிறைய இருக்கும். ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் இறுக்கமாக அடுங்கும். 4 ஆம் இலக்கச் சங்கிலியில் கிளைகள் அதிகம். அதனால் மென்மையானது, இழுபடும், ஓரளவு தெளிவாக இருக்கும். 2 ஆம் இலக்கச் சங்கிலி ஈர்க்கு போல நேரானது. அதனால் விறைப்பானது, மெல்லியதாகவும் இழுக்கலாம், கையில் எடுத்தால் சிலுசிலு என்று சத்தமிடும். பழைய காலத்துச் சொப்பிங் பேக் இந்த வகையே.

தராசு சொல்லும் உண்மை

இனி நேரடியாகப் பணத்தோடு சம்பந்தப்பட்ட விடயத்துக்கு வருவோம். பொலித்தீனின் தடிப்பை மைக்ரோனில் சொல்வார்கள். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். கடைத்தெருவில் கேஜ் கணக்கும் உண்டு. 100 கேஜ் என்பது ஏறத்தாழ 25 மைக்ரோன். கேஜ் சொல்லும்போது ஒரு படையின் தடிப்பா, இரு படையும் சேர்த்தா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் பாதிச் சரக்குக்கு முழு விலை கொடுக்க நேரலாம்.

தடிப்பை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அடிமட்டமும் தராசும் போதும். 50 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட சாதாரண பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தின் பரப்பு 1,500 சதுர சென்ரிமீற்றர். இரு பக்கமும் 3,000. தடிப்பு 20 மைக்ரோன் என்றால் அது 0.002 சென்ரிமீற்றர். பெருக்கினால் 6 கன சென்ரிமீற்றர் பொலித்தீன். 4 ஆம் இலக்கப் பொலித்தீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.92. ஆகவே ஒரு பையின் நிறை 5.52 கிராம். 100 பைகள் 552 கிராம்.

இப்போது மொத்த வியாபாரி "20 மைக்ரோனுக்கு மேல்" என்று சொல்லித் தந்த அதே அளவுள்ள 100 பைகளைத் தராசில் போடுங்கள். 400 கிராம்தான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 ஐ 552 ஆல் வகுத்து 20 ஆல் பெருக்கினால் 14.5 வருகிறது. சொன்னது 20, தந்தது 14.5 மைக்ரோன். நூற்றுக்கு 27 பங்கு சரக்கைக் காணவில்லை! அது மட்டுமல்ல, அந்தப் பை உங்கள் கடையில் இருப்பதே சட்டவிரோதம். பிடிபட்டால் கடைக்குப் பொறுப்பானவர் நீங்கள்தான்.

கைபிடி வெட்டிய பை, பக்கத்தில் மடிப்புள்ள பை என்றால் இந்தக் கணக்குச் சற்றுப் பிசகும். அப்போது பல பைகளிலிருந்து 10 சென்ரிமீற்றர் சதுரமாக ஒற்றைப் படைத் துண்டுகள் 50 வெட்டி, தெரிந்த நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 20 மைக்ரோன் என்றால் 50 துண்டும் ஏறத்தாழ 9.2 கிராம் இருக்க வேண்டும்.

தண்ணீர் சொல்லும் உண்மை

தராசுக்கு அடுத்ததாக ஒரு கிளாஸ் தண்ணீரும் நல்ல சாட்சி. பொலித்தீனும் பொலிப்ரொப்பிலீனும் தண்ணீரை விடப் பாரம் குறைந்தவை. சுத்தமான சரக்கின் சிறு துண்டு தண்ணீரில் மிதக்கும். பொலிஸ்டைரீன், பெட், பி.வி.சி. மூழ்கும். (காற்றடைத்துப் பொங்க வைத்த ரெஜிபோம் மட்டும் மிதக்கும்.) துண்டில் காற்றுக் குமிழ் ஒட்டாமல் இருக்கத் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, துண்டை உள்ளே அமிழ்த்திவிட்டுப் பாருங்கள்.

பொலிப்ரொப்பிலீன் கதிரை என்று சொல்லித் தரும் சரக்கின் துண்டு மூழ்கினால் என்ன அர்த்தம்? ஒன்றில் அது வேறு பிளாஸ்டிக். அல்லது உள்ளே சுண்ணாம்புக்கல் தூள் நிறையக் கலந்திருக்கிறது. நூற்றுக்கு 20 பங்கு தூள் கலந்தால் பொலிப்ரொப்பிலீன் தண்ணீரில் மூழ்கிவிடும். பிளாஸ்டிக்கை விடத் தூள் மிகவும் மலிவு. நிறையும் கூடும். "கனமான சரக்கு நல்ல சரக்கு" என்ற நமது பழைய அளவுகோல் இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறது.

தூள் கலப்பது எல்லா நேரத்திலும் மோசடி அல்ல. அளவோடு சேர்த்தால் விறைப்புக் கூடும். பல நல்ல உற்பத்தியாளர்களும் அதைச் செய்கிறார்கள். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் கதிரை தட்டியவுடன் வெடிக்கும். வயதான ஒருவர் அதில் அமரும்போது கால் முறிந்தால், இழப்பு ஒரு கதிரையின் விலையோடு நிற்காது.

வெளியில் வைக்கும் சரக்குக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் சங்கிலிகளை அறுக்கும். அதைத் தடுக்கும் மருந்து சேர்க்காத கதிரை சில காலத்தில் வெளிறி, தூள் உதிர்ந்து, வெடிக்கும். கறுப்புத் தண்ணீர்த் தாங்கியும் கறுப்புப் பைப்பும் வெயிலில் நீண்டகாலம் உழைப்பதற்குக் காரணம், அதில் நூற்றுக்கு 2 பங்களவில் சேர்க்கப்படும் காபன் கரி அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கொள்வதுதான்.

உயிரோடு சம்பந்தப்பட்ட இறப்பர்

மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்கள் இந்தப் பகுதியைக் கூர்ந்து வாசிக்க வேண்டும். இறப்பர் எல்லாம் ஒன்றல்ல. இயற்கை இறப்பர் பெற்றோல், டீசல், என்ஜின் ஒயில் ஆகியவற்றில் ஊறி வீங்கிவிடும். எனவே என்ஜினின் ஒயில் சீல் நைட்ரைல் போன்ற எண்ணெய் தாங்கும் இறப்பரில் செய்யப்பட வேண்டும். பிரேக் தொகுதியிலோ நிலைமை தலைகீழ். சாதாரண வாகனங்களில் பயன்படும் டொட் 3, டொட் 4 பிரேக் திரவம் கனிய எண்ணெய் அல்ல. அதற்கு ஈ.பி.டி.எம். போன்ற இறப்பர் பொருந்தும், நைட்ரைல் பொருந்தாது. அந்த பிரேக் இறப்பரில் என்ஜின் ஒயில் பட்டால் வீங்கி, பிரேக் பிடிக்காமல் போகலாம். இரண்டும் கறுப்பு. இரண்டும் வட்டம். அளவும் ஒன்றாக இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆகவே பெட்டியிலிருந்து பிரித்து ஒரே தட்டில் கலந்து வைப்பது, "இது போடலாம்" என்று மதிப்பில் எடுத்துக் கொடுப்பது இரண்டும் ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடுவதாகும்.

டயர், செருப்பு, சீல் எதுவானாலும் வெயில் படாத, எண்ணெய் படாத, மோட்டார் ஓடாத இடத்தில் களஞ்சியப்படுத்துங்கள். மின்மோட்டாரின் பொறியில் உண்டாகும் ஓசோன் வாயு இறப்பரில் வெடிப்பை உண்டாக்கும்.

மீள்சுழற்சிச் சரக்கு

உருக்கி மீண்டும் வார்க்கும் தொழில் நல்ல தொழில். நாட்டுக்கும் நன்மை. ஆனால் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சங்கிலிகள் சற்றே அறுந்து குறுகுகின்றன. மீள்சுழற்சிச் சரக்கு புதிய சரக்கை விடப் பலம் குறைவதற்குக் காரணம் இதுவே. பல நிறங்கள் கலப்பதால் பெரும்பாலும் கறுப்பு அல்லது கடும் நிறம் பூசப்படும். பூச்சட்டி, குப்பை வாளி போன்றவற்றுக்கு அது தாராளமாகப் போதும். உணவுப் பாத்திரத்துக்கு அப்படியல்ல. பழைய சரக்கில் முன்னர் இருந்தது கிருமிநாசினியா, பெயின்றா, ஒயிலா என்று யாருக்கும் தெரியாது. உணவுக்கென முறையாகச் சுத்திகரித்து அனுமதி பெற்ற மீள்சுழற்சிச் சரக்கு வேறு. தெருவில் சேகரித்து அரைத்துருக்கிய சரக்கு வேறு.

சட்டம் எங்கே நிற்கிறது?

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன், லஞ்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி, அடர்த்தி கூடிய பொலித்தீன் பை ஆகியவற்றுக்குத் தடை வந்தது. மருந்து போன்ற சில தேவைகளுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு உண்டு. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடை. 2023 ஒக்டோபர் முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, பீங்கான், இடியப்பத் தட்டு, பூமாலை போன்றவை தடைசெய்யப்பட்டன. 2025 நவம்பர் 1 முதல் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்க முடியாது. அதன் விலையைக் காட்சிப்படுத்திப் பற்றுச்சீட்டிலும் காட்ட வேண்டும்.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலை மறந்திருக்க மாட்டீர்கள். அதிலிருந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. நீர்கொழும்பு முதல் தெற்கு வரை கரையொதுங்கிய அந்த மணிகள்தான் நமது வாளிக்கும் பைக்கும் மூலப்பொருள். மீனவரின் பிழைப்பைப் பறித்த பின்னரும் அவை மக்காமல் கிடந்ததற்குக் காரணம், அந்த நீண்ட சங்கிலியைக் கடித்துத் தின்ன இயற்கையில் கிருமிகள் போதாமையே. நமக்கு இலாபம் தரும் அதே பலம்தான் கடலுக்குப் பாரமாகிறது.

"மக்கும்" என்று அச்சிட்ட பைகளிலும் ஏமாற வேண்டாம். சாதாரண பொலித்தீனில் மருந்து கலந்து வெயிலில் நொறுங்கச் செய்வது ஒரு வகை. அது கண்ணுக்குத் தெரியாத துண்டுகளாக மண்ணில் தங்கலாம். சோளம் போன்றவற்றின் மாப்பொருளிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. இன்னொரு வகை. அதுவும் ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள பெரிய பசளைக் குவியலில்தான் ஒழுங்காக மக்கும். சான்றிதழைக் கேளுங்கள். அதன் பிரதியைக் கடையில் வைத்திருங்கள்.

ஈரமான தானியம்

மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு வியாபாரியின் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்று அவர் காரணம் சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இந்தச் சம்பவத்தை நாம் எல்லோரும் ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்.

நனைந்த தானியத்தை விற்பது அங்கு ஹராமாக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மறைப்பதே கண்டிக்கப்பட்டது. தூள் கலந்த கதிரையையும் விற்கலாம், மீள்சுழற்சி வாளியையும் விற்கலாம். இது இன்ன சரக்கு, இன்ன தேவைக்குப் பொருந்தும், விலை இவ்வளவு என்று சொல்லி விற்க வேண்டும். அன்று விரலால் தொட்டாலே ஈரம் தெரிந்தது. இன்று சரக்கின் குறை மூலக்கூறுக்குள் மறைந்திருக்கிறது. வாடிக்கையாளரின் விரல் அங்கே எட்டாது. ஆகவே அறிந்துகொள்ளும் பொறுப்பு விற்பவரின் தலையில் அதிகமாகவே விழுகிறது.

அடுத்த முறை கொள்வனவுக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. இது எந்த இலக்க பிளாஸ்டிக்? புதியதா, மீள்சுழற்சியா?
2. தடிப்பு எத்தனை மைக்ரோன்? ஒரு படைக்கா, இரு படைக்கா?
3. தூள் கலந்ததா? எத்தனை வீதம்?
4. உணவுக்கு உகந்தது என்றால் அதற்கான சான்று எங்கே?
5. வெயில் தாங்கும் மருந்து சேர்த்ததா?
6. இறப்பர் என்றால் எந்த வகை? எண்ணெய்க்கா, பிரேக் திரவத்துக்கா?
7. சொன்ன விபரங்களைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா?

ஏழாவது கேள்விதான் முக்கியமானது. வாயால் சொல்வதை எழுதித் தரத் தயங்கும் மொத்த வியாபாரியிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நிதானித்துக்கொள்ளுங்கள். அதேபோல, உங்களிடம் வரும் வாடிக்கையாளர் இந்த ஏழையும் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் நிலையில் உங்கள் கடை இருக்கட்டும். அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரகத் செய்வானாக.